டயரிலிருந்து தொடங்குங்கள்: ஸ்போர்ட்ஸ் காருக்குக் குழாய்ச் சேஸி கட்டுவது எப்படி

பெங்களூர் பீன்யாவில் எங்கள் ஷெட்டுக்குள் யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன இன்ஜின் போடப்போறீங்க?" அடுத்தது, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" நடுவில் இரும்புக் குழாய்களால் ஆன ஒரு கூடு நிற்கிறது. காரின் எலும்புக்கூடான சேஸி அதுதான். அதைக் குனிந்து பார்த்து, "இந்தக் குழாய் ஏன் இந்த இடத்துல வருது?" என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. கேட்டவர்களில் ஒருவன் அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் பாலிடெக்னிக் பையன். அன்று அவனுக்கு அரைமணி நேரத்தில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நாங்கள் கட்டுவது 1960களின் பாணியில், இரண்டு பேர் உட்காரும், கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார். மேலே ஃபைபர் பாடி. அடியில் வரும் சேஸி, சக்கரங்களை அதோடு இணைக்கும் சஸ்பென்ஷன் இரண்டும் எங்கள் கைவேலை. ரேஸ் டிராக்கில் ஓட்ட மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறிப்போகும்படி ஒரு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளோ, 50 வருடம் தாண்டிய வண்டி அசல் உருவில் இருந்தால்தான் அந்தப் பதிவைத் தருகின்றன. சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே வீட்டில் தாத்தா காலத்து வண்டி ஒன்று நிற்கிறது, அதன் சேஸியை எடுத்துவிட்டுக் குழாய்ச் சேஸி போடலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். நம் நாட்டில் எஞ்சியிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மிகச் சில. அசலை அசலாகவே விடுங்கள். புதிதாகக் கட்ட ஆசை இருந்தால் புதிதாகவே கட்டுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கார் கட்ட நினைக்கும் எல்லோரும் முதலில் சேஸியைத்தான் வரைகிறார்கள். அழகாக, நீளமாக, குறுக்கும் நெடுக்குமாகக் குழாய் போட்டு ஒரு படம். அப்புறம் அதில் சக்கரம் எங்கே மாட்டுவது என்று யோசிக்கிறார்கள். நானும் முதல் படத்தை அப்படித்தான் வரைந்தேன். செய்ய வேண்டியது தலைகீழ். டயரில் தொடங்கி, அங்கிருந்து சஸ்பென்ஷன், அதன் பிறகு சேஸி. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 740 கிலோ வண்டி என்றால் ஒரு டயருக்குச் சராசரி 185 கிலோ. டயரில் 26 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்கத் தரையில் பதியும் இடம் ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர். அதாவது உள்ளங்கை அளவு. பிரேக், வளைவு, வேகம் எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் தரைக்குப் போய்வருகின்றன. சஸ்பென்ஷனின் வேலை, ரோடு எப்படி இருந்தாலும் அந்த உள்ளங்கையைத் தரையில் தட்டையாக வைத்திருப்பது. சேஸியின் வேலை, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் புள்ளிகளை அசையாமல் பிடித்துக்கொள்வது. அது முறுக்கிக்கொண்டால் நாம் கணக்குப் போட்டு வைத்த கோணங்கள் எல்லாம் ஓடும்போது வேறாகிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பர் வாங்கிப் போட்டாலும் காசு வீண்.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை

முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஓர் எஃகுத் துண்டு தெரியும். மெக்கானிக்குகள் நக்கிள் என்பார்கள். சக்கரம் இதில்தான் சுற்றுகிறது, பிரேக்கும் இதில்தான் உட்காருகிறது. நக்கிளின் மேல் நுனியை ஒரு கை பிடித்திருக்கும், கீழ் நுனியை இன்னொரு கை. ஒவ்வொன்றும் 'ஏ' எழுத்துப் போல இரண்டு கால் விரித்துச் சேஸியில் மாட்டியிருக்கும். அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம். இரண்டும் சேர்ந்தால் டபுள் விஷ்போன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பொருத்தமான அமைப்பு இதுதான் என்பது என் எண்ணம். ஷாக்கையே தூணாக வைத்துக் கட்டும் மெக்ஃபர்சன் வகைக்கு உயரம் வேண்டும். தாழ்வான பானட்டுக்குள் அது அடங்காது.

எங்களுக்குக் கிடைத்தது பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன்நக்கிள் ஜோடி. ஊரில் காயலான் கடை என்போம், பெங்களூரில் குஜிரி. அப்படி ஒரு கடையில் துருப்பிடித்துக் கிடந்தது. ஹெரால்டு 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் வட்டாரத்தில் செய்த கார். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். லோட்டஸ் கம்பெனி தன் செவன், எலான் கார்களுக்கு முன்பக்கம் வாங்கிப் போட்டதும் இந்தக் குடும்பத்து நக்கிளைத்தான். எடை குறைவு, இரண்டு கை மாட்டும் அமைப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: இதன் கீழ் நுனியில் பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு கிடையாது, டிரன்னியன் என்ற மரை வெட்டிய வெண்கல மூட்டு இருக்கும். அதற்குக் கிரீஸ் அடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது, 90 கியர் ஆயில் விட வேண்டும். வறண்டு போனால் அதற்குள் திரும்பும் நக்கிள் தண்டு தேய்ந்து ஒருநாள் முறிந்துவிடும், சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஆகவே பழையதை வாங்கினால் தண்டு, டிரன்னியன் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இப்போது ஒரு சின்ன நெம்புகோல் கணக்கு. எங்கள் நக்கிளில் கீழ்ப்புள்ளி தரையிலிருந்து 170 மி.மீ., மேல்புள்ளி 390 மி.மீ. நடுவில் 220. பிரேக் அழுத்தும்போது தரை டயரைப் பின்னோக்கி 230 கிலோ பலத்தில் இழுக்கிறது என்று வையுங்கள். அதில் பாதி மேல் கைக்கும் பாதி கீழ் கைக்கும் போகும் என்றுதான் தோன்றும். உண்மையில் கீழ் கைக்குப் போவது 230 பெருக்கல் 390, வகுத்தல் 220. ஏறத்தாழ 408 கிலோ! மேல் கைக்கு 178 கிலோ, அதுவும் எதிர்த்திசையில். தரை இரண்டு புள்ளிகளுக்கும் கீழே இருப்பதால் நக்கிள் ஒரு கடப்பாரை போல வேலை செய்கிறது. கீழ் கைக்குக் கனமான குழாயும் மேல் கைக்கு மெல்லியதும் போடுவது இதனால்தான். சேஸியிலும் கீழ் பிராக்கெட்டுகள் வரும் இடம் அதிக வலுவோடு இருக்க வேண்டும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது, இன்னும் ஒரு குழாய்கூட வரையாமலே.

அடுத்தது நீளம். இரண்டு கையும் ஒரே நீளமாக, இணையாக இருந்தால் என்ன ஆகும்? வளைவில் கார் 3 டிகிரி சாய்ந்தால் சக்கரமும் 3 டிகிரி வெளியே சாயும். வெளிப்பக்க டயர்தான் அப்போது பாரத்தில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. அது போய் ஓரத்தில் நிற்கும். மேல் கையைக் குட்டையாக வைத்தால், சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை உள்ளே இழுபடும். கார் வெளியே சாய்க்கிறது, கை உள்ளே இழுக்கிறது, டயர் ஏறக்குறைய நேராக நிற்கிறது. இந்தச் சாய்மானத்தைத்தான் கேம்பர் என்கிறோம். ரொம்பக் குட்டையாக்கினால் நேர்ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரமும் காலை அகட்டிக்கொள்ளும். நாங்கள் கீழே 330 மி.மீ., மேலே 230 மி.மீ. என்று வைத்தோம்.

இதைக் காகிதத்தில் படித்தால் புரியாது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் நான்கு பட்டை வெட்டி, டிராயிங் பின் குத்தி, சுவரில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் விரல்களுக்குப் புரிந்துவிடும். அல்சூர் பையன் இதைச் செய்து பார்த்துவிட்டு, "அண்ணா, மேல் கையை நீளமா வெச்சா எல்லாமே தப்பாயிடுதே" என்றான். அதேதான்.

எங்களை அதிகம் வாட்டியது இன்னொன்று: பம்ப் ஸ்டியர். சக்கரம் ஏறி இறங்கும்போது, ஸ்டியரிங்கைத் தொடாமலே அது இடமோ வலமோ திரும்பினால் அதுதான் பம்ப் ஸ்டியர். காரணம் எளிது. நக்கிளை மூன்று பேர் பிடித்திருக்கிறார்கள்: மேல் கை, கீழ் கை, ஸ்டியரிங் ராடு. மூவரும் மூன்று வட்டத்தில் சுழல்கிறார்கள். ஸ்டியரிங் ராடின் வட்டம் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால், அது நக்கிளை ஒரு பக்கம் தள்ளும் அல்லது இழுக்கும். கைகள் இரண்டையும் படத்தில் கோடாக நீட்டினால் அவை ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். ராடையும் நீட்டினால் அதே புள்ளிக்கு வர வேண்டும். ராடின் உள்முனையும் இரண்டு கைகளின் உள்முனைகளைச் சேர்க்கும் கோட்டில் விழ வேண்டும். இதுதான் விதி.

நாங்கள் ஸ்டியரிங் ராடுகளை இடமும் வலமும் தள்ளும் ராக்கை, இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் இடிக்காமலிருக்க 12 மி.மீ. மேலே தூக்கி வைத்திருந்தோம். 12 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று எண்ணினோம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரம் மாட்டும் ஹப்பில் ஒரு தட்டையான அலுமினியத் தகட்டைப் போல்ட் போட்டு, அதன் முன்னும் பின்னும் அளந்துகொண்டே ஜாக்கியால் சக்கரத்தை 50 மி.மீ. ஏற்றினோம். தகட்டின் முன்னோரம் 5 மி.மீ. வெளியே போய்விட்டது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் வண்டி தானே தடம் மாறும் அளவு அது. சம்ப்பை வெட்டி ஆழம் குறைத்து, ராக்கைக் கீழே இறக்க மூன்று ஞாயிறு போனது. இப்போது அதே 50 மி.மீ.க்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பம்ப் ஸ்டியரைப் பார்க்காமல் பிராக்கெட்டை முழுதாக வெல்டு செய்யாதீர்கள், தயவுசெய்து.

ஸ்பிரிங் தேர்வில் தொடக்கக்காரர் தடுக்கி விழும் இடம் ஒன்றே. ஸ்பிரிங் சக்கரத்தின் நேர்மேலே நிற்பதில்லை. கையின் நடுவில் எங்கோ மாட்டியிருக்கும். சக்கரம் 10 மி.மீ. ஏறினால் எங்கள் ஸ்பிரிங் 6.5 மி.மீ.தான் சுருங்குகிறது. அப்படியானால் சக்கரம் உணரும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பில் 0.65 மடங்கு என்று நினைப்போம். இல்லை, 0.65 பெருக்கல் 0.65. சுருக்கமும் குறைகிறது, கொடுக்கும் பலமும் நெம்புகோலில் குறைகிறது. இரண்டு முறை பெருக்க வேண்டும். முன் மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 160 கிலோ, அது நொடிக்கு 1.6 முறை ஆட வேண்டும் என்று வைத்தால், சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 16 நியூட்டன் விறைப்பு வேண்டும். அதற்கு வாங்க வேண்டிய ஸ்பிரிங் 38 நியூட்டன். இருமடங்குக்கும் மேல்! சாதாரணக் குடும்பக் கார்கள் நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறை வரை ஆடும். அதைவிடக் கொஞ்சம் விறைப்பு எங்களுக்குப் போதும் என்று முடிவு செய்தோம். விறைப்பாக இருந்தால்தான் ரேஸ் கார் என்று நினைப்பவர்கள் நிறைய. குதிக்கும் டயர் தரையைப் பிடிக்காது.

பின்பக்கம் மாருதி ஆம்னி வகை, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் முழு ஆக்சில், அதைச் சேஸியோடு பிடிக்க லிங்க் என்னும் நான்கு இணைப்புக் கம்பி, பக்கவாட்டில் அசையாமலிருக்க ஒரு பான்ஹார்ட் ராடு. எளிது, மலிவு, இந்த எடைக்குப் போதும்.

ஈர்க்குச்சிப் பாடம்

இப்போது நம் கையில் சில புள்ளிகள் இருக்கின்றன. முன்பக்கம் ஒவ்வொரு புறமும் நான்கு பிராக்கெட், ஷாக்கின் மேல்முனை ஒன்று. பின்னே லிங்க் புள்ளிகள், ஷாக் புள்ளிகள். இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டு, சீட், பெல்ட். வெற்றுவெளியில் மிதக்கும் இந்தப் புள்ளிகளை எல்லாம் குழாயால் சேர்த்துக் கட்டுவதுதான் சேஸி. படம் இங்கேதான் தொடங்குகிறது.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவுங்கள். இரண்டு நுனியையும் பிடித்து இழுங்கள். அறுக்கவே முடியாது. நடுவில் விரலை வைத்து அழுத்துங்கள். உடனே வளையும், ஒடியும். குழாயும் அப்படியே. நீளவாக்கில் இழுத்தாலும் தள்ளினாலும் வியக்கும்படி தாங்கும். குறுக்கே தட்டினால் வளையும். ஆகவே எந்த பலமும் குழாயின் நடுவில் இறங்கக் கூடாது; குழாய்கள் கூடும் முடிச்சில்தான் இறங்க வேண்டும். சஸ்பென்ஷன் பிராக்கெட் எங்கே வருகிறதோ அங்கே முடிச்சு இருக்க வேண்டும். டயரிலிருந்து தொடங்கச் சொன்னது இதற்காகத்தான். சேஸியை முதலில் வரைந்துவிட்டால் பிராக்கெட் குழாயின் நடுவில்தான் போய் உட்காரும்.

இரண்டாவது பாடம், முக்கோணம். நான்கு குச்சியைச் சதுரமாக ஒட்டி ஒரு மூலையைத் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும். குறுக்கே ஒரு குச்சி வைத்தால் அசையாது. இதைப் பெங்களூரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்: கட்டடம் கட்டும் இடங்களில் சாரத்துக்குப் பெருக்கல் குறி போலக் குறுக்குக் குழாய் மாட்டுகிறார்கள் இல்லையா, அதேதான். பந்தல்காரரும் மூலைக்கு ஒரு குறுக்குக் கம்பு கட்டாமல் போவதில்லை. முழுக்க முக்கோணங்களால் ஆன குழாய்க் கூட்டைத்தான் ஸ்பேஸ் ஃப்ரேம் என்கிறோம். இரண்டு பெரிய குழாயை நீளவாக்கில் போட்டுக் குறுக்குப் படி வைத்தால் அது ஏணிச் சேஸி. 1962இல் வந்த ஏ.சி. கோப்ரா அந்த வகை. அதன் முதன்மைக் குழாய்கள் 3 அங்குலம், பெரிய 427 கன அங்குல இன்ஜின் வந்தபோது 4 அங்குலமாக்கினார்கள். ஏணி கட்ட எளிது, ஆனால் முறுக்குக்கு எளிதில் இணங்கும்.

எல்லாப் பெட்டியிலும் குறுக்குக் குழாய் வைத்துவிட முடிந்தால் வேலை சுலபம். மனிதன் உள்ளே இறங்க வேண்டும், இன்ஜின் மேலேயிருந்து இறங்க வேண்டும். இந்த இரண்டு ஓட்டைகள்தான் ஸ்பேஸ் ஃப்ரேமின் நிரந்தரத் தலைவலி. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் கதவுகள் பறவைச் சிறகு போல மேலே திறக்கும். அழகுக்காகச் செய்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். முறுக்கத்தைத் தாங்க, உட்காரும் இடத்தின் இரு பக்கமும் குழாய்க் கூட்டை உயரமாகக் கட்டவேண்டி வந்தது. சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. கதவைக் கூரையில் மாட்டினார்கள். சேஸிதான் கதவைத் தீர்மானித்தது.

நாங்கள் வெட்டுவதற்கு முன்னால் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தோம். ஊதுபத்தி செய்யும் மூங்கில் குச்சி பெங்களூரில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், அதைப் பசை போட்டு ஒட்டியது. முன்னேயும் பின்னேயும் பிடித்துத் துணி பிழிவது போல மெல்ல முறுக்கினால், எந்தப் பெட்டி இளகுகிறது என்று கண்ணுக்கே தெரியும். முதல் மாதிரியில் இன்ஜின் அறை முழுதாக நெளிந்தது. அதன் மேல்முகத்தில் போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய ஒரு குறுக்குக் குழாய் வந்தது அந்த மாதிரியைப் பார்த்துத்தான். உட்காரும் இடத்துக்கு இருபுறமும் ஆழமான பக்கக் கூடும், நடுவே கியர்பாக்ஸ் சுரங்கத்தையும் முக்கோணமாக்கியதும் அதன் தொடர்ச்சி.

எந்தக் குழாய்?

ஒரே எடையில் திடக்கம்பி போடலாமே, குழாய் எதற்கு? 25.4 மி.மீ. வெளிவிட்டம், 1.6 மி.மீ. தடிமன் உள்ள குழாய் மீட்டருக்கு 940 கிராம். அதே எடையில் திடக்கம்பி செய்தால் 12.3 மி.மீ. தடிமன்தான் வரும். வளையாமல் நிற்கும் திறனில் குழாய் அந்தக் கம்பியைவிட ஏழரை மடங்கு மேல். இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு வேலை செய்யும். மூங்கில் உள்ளே காலியாக இருப்பதும் இதே கணக்கில்தான்.

பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் போய் "பைப்" என்று கேட்டால் தண்ணீர் பைப்பைத்தான் எடுத்துப் போடுவார்கள். பைப் உள்வழியை ஒட்டிய அளவில் விற்பது. நமக்கு வேண்டியது டியூப், வெளிவிட்டமும் தடிமனும் சொல்லிக் கேட்க வேண்டியது. கடையில் கேஜ் கணக்கில் பேசுவார்கள்: 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., 14 கேஜ் என்றால் 2 மி.மீ. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வேண்டவே வேண்டாம். வெல்டு செய்யும்போது துத்தநாகப் புகை நெஞ்சில் ஏறிக் காய்ச்சலில் படுக்க வைக்கும், வெல்டும் நன்றாகப் பிடிக்காது. வாகனங்களுக்கான எஃகுக் குழாய்க்கு ஐ.எஸ். 3074 என்று தனித் தரமே இருக்கிறது. அதைக் கேட்டு, சான்றிதழோடு வாங்குங்கள்.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி போடலாமா என்று கேட்பார்கள். நல்ல எஃகு, அதிக பலத்தில்தான் நிரந்தரமாக வளையும். ஆனால் விறைப்பு, அதாவது எவ்வளவு பலத்துக்கு எவ்வளவு வளைகிறது என்பது, சாதாரண எஃகுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒன்றே. அதே அளவுக் குழாயை குரோமோலியில் போட்டாலும் சேஸி முறுக்கிக்கொள்வது குறையாது. மெல்லிய சுவர் போட்டு எடை குறைக்கலாம். அதற்கு வெல்டரின் கை இன்னும் நுணுக்கமாக இருக்க வேண்டும். முதல் சேஸிக்குச் சாதாரண எஃகே போதும். எங்கள் கூட்டில் மொத்தம் 48 மீட்டர், 45 கிலோ. கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் வளைவான ரோல் ஹூப்புக்கு மட்டும் தனிக் கணக்கு, தடித்த குழாய். அங்கே எடை பார்க்கக் கூடாது.

நெருப்பு பட்ட பக்கம்

ஒரு குழாயின் வாய், இன்னொரு குழாயின் உருண்டை முதுகில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். வாயை வளைவாக வெட்ட ஹோல் சா உண்டு. சாய்கோணங்களுக்குக் காகிதத்தில் வளைவை வரைந்து, குழாயைச் சுற்றி ஒட்டி, கிரைண்டரில் கோட்டோடு அரைத்து, ஃபைலில் முடிப்போம். ஒரு முனைக்கு இருபது நிமிடம் ஆகும். ஒரு ரூபாய் நாணயம் நுழையும் சந்து இருந்தால் திரும்ப வெட்டுவோம். சந்தை வெல்டால் அடைப்பது எளிது. ஆனால் அந்த வெல்டு ஆறும்போது சுருங்கி இரண்டு குழாயையும் இழுத்துவிடும்.

இந்த இழுப்பை நான் முதல் மாதமே பார்த்தேன். கீழ்ச் சட்டத்தை மேசையில் கட்டி, ஒரு மூலையை அவசரப்பட்டு முழுக்க வெல்டு செய்தேன். ஆறியதும் மூலைவிட்டங்களை அளந்தால் ஒன்று 6 மி.மீ. அதிகம். எங்களோடு வேலை செய்யும் வெல்டர் அண்ணன் திருவண்ணாமலைக்காரர், ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறார். வந்து பார்த்தார். "நெருப்பு பட்ட பக்கம் இரும்பு இழுத்துக்கும் தம்பி. நீ ஒரு பக்கம் சுட்டா, உடனே எதிர்ப்பக்கம் சுடணும். எல்லா முனையும் டேக் வெச்சு முடியற வரைக்கும் முழு வெல்டுன்னு பேச்சே எடுக்காத" என்றார். டேக் என்றால் குழாயைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சின்னப் புள்ளி வெல்டு. அந்த மூலையை அறுத்தெடுத்துத் திரும்பச் செய்தோம்.

அதிலிருந்து ஒழுங்கு இதுதான். முதலில் ஒரு சமமான மேசை, கனமான சேனல்களால் கட்டி, ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் சரிபார்த்தது. மேசை நடுவில் ஒரு மையக்கோடு. எல்லா அளவும் அதிலிருந்தே. பிராக்கெட்டுகளை ஒரே நீளக் கம்பியில் கோத்து, கம்பியை மேசையில் கட்டிவிடுவோம். அப்போதுதான் இடமும் வலமும் ஒரே நேர்கோட்டில் வரும். ஒவ்வொரு முனைக்கும் நான்கு டேக். எல்லாக் குழாயும் நின்ற பிறகு மூலைவிட்டங்கள், தூக்குக்குண்டு, மறுபடி அளவு. அப்புறம் முழு வெல்டு: முன்னே இடது, பின்னே வலது, முன்னே வலது, பின்னே இடது என்று மாறி மாறி, ஒரு முனையில் இரண்டங்குலத்துக்கு மேல் ஓட்டாமல். ஷெட்டில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவோம், வெல்டை மூடிக் காக்கும் வாயுவைக் காற்று கலைக்கும்.

வெல்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால்? 1969இல் வந்த போர்ஷே 917 ரேஸ் காருக்கு அலுமினியக் குழாய்ச் சேஸி. குழாய்களுக்குள் வாயுவை அழுத்தத்தில் நிரப்பி ஒரு கேஜ் வைத்திருந்தார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் என்று பொருள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. சாயம் ஊடுருவும் சோதனைக்கான ஸ்பிரே கிட்டை வாங்கி, எல்லா சஸ்பென்ஷன் பிராக்கெட்டிலும் அடித்துப் பார்த்தோம். ஓரிடத்தில் சிவப்பு நூலிழை தெரிந்தது. அரைத்தெடுத்து மறுபடி வெல்டு.

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஷெட்டைவிட நல்ல இடம் கோவை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கல்லூரி மாணவர்களின் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கும்போது போங்கள். பல வண்டிகளின் குழாய்ச் சட்டகங்களை ஒரே நாளில் பக்கத்தில் பார்க்கலாம். கேட்டால் ஒவ்வொரு குழாயையும் அந்தப் பிள்ளைகளே விளக்குவார்கள்.

கடைசியில் செய்தது முறுக்குச் சோதனை. பின் சஸ்பென்ஷன் புள்ளிகளை மேசையோடு போல்ட் போட்டு இறுக்கினோம். முன்பக்கத்தை நடுவில் ஒரே ஒரு கூர்முனையில் நிறுத்தினோம். முன் புள்ளிகளில் குறுக்கே ஒரு நீளக் குழாயைக் கட்டி, மையத்திலிருந்து 1.25 மீட்டர் தள்ளி 40 கிலோ எடையைத் தொங்கவிட்டோம். இரண்டு பக்கமும் மையத்திலிருந்து 600 மி.மீ. தூரத்தில் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ். இன்ஜின் அறையின் மேல் குறுக்குக் குழாயை மாட்டாமல் பார்த்தபோது முள் 3.4 மி.மீ. நகர்ந்தது. எடையை எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பியது; எங்கும் நிரந்தரமாக வளையவில்லை. பிறகு அந்தக் குழாயை நான்கு போல்ட்டில் மாட்டி, அதே 40 கிலோவை அதே இடத்தில் தொங்கவிட்டோம். வெல்டர் அண்ணன் கேஜுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து படித்தார்: 2.1. கழற்றி எடை போட்டுப் பார்த்தோம், அந்தக் குழாய் 600 கிராம்.